தனியாகச் சுமக்க முடிந்த தூரம்

வரும் செப்டம்பரில் டல்லாஸிலிருந்து கொலராடோ மலைகளுக்குப் போய், துணைக்கு ஒருவரும் இல்லாமல், வில்லும் அம்பும் கொண்டு எல்க் என்னும் பெரிய மானினத்தை வேட்டையாடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். டெக்சாஸில் வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடிய பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் வெள்ளைவால் மானை ஒருவனே இழுத்துக்கொண்டு வண்டிவரை வந்துவிடலாம். முதிர்ந்த ஆண் எல்க்கோ ஏறத்தாழ 700 பவுண்டு எடை இருக்கும், விழுந்த இடத்தில் அதைப் புரட்டிப் போடுவதற்குள்ளாகவே ஒருவனுக்கு மூச்சு வாங்கிவிடும். ஆகையால், எல்க் எங்கே நிறைய இருக்கிறது என்ற கேள்வியோடு நான் திட்டத்தைத் தொடங்கவில்லை. எய்த விலங்கின் இறைச்சியை, அது கெடுவதற்கு முன், ஒற்றை ஆளாக எவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவர என்னால் முடியும் என்பதுதான் முதற்கேள்வியாக இருந்தது. மாநிலம், பகுதி, நாள், கூடாரம் அடிக்கும் இடம் என மற்ற எல்லாவற்றையும் அதற்குக் கிடைத்த விடைதான் தீர்மானித்தது.

முன்பு நண்பர் ஒருவருடன் கொலராடோ சென்றபோது, அவர் வீழ்த்திய ஆண் எல்க்கின் பின்தொடை ஒன்றை எலும்போடு முதுகில் ஏற்றிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கியிருக்கிறேன். அந்த ஒரு தொடையே எழுபது பவுண்டுக்குக் குறையாது. விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டும்போதெல்லாம் சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆளையும் சேர்த்துச் சாய்க்கப் பார்க்கும். எலும்பு நீக்கிவிட்டால் ஓர் ஆண் எல்க்கிலிருந்து கிடைக்கும் இறைச்சி ஏறத்தாழ 200 பவுண்டு. அதை ஐம்பது பவுண்டுச் சுமைகளாகப் பிரித்தால் நான்கு நடை. தலை, கொம்பு, கத்தி, கயிறு, துணிப்பைகள் ஆகியவற்றுக்கு இன்னொரு நடை. வண்டியிலிருந்து இரண்டு மைல் தொலைவில் எல்க் விழுந்தால், ஐந்து முறை சுமையோடு பத்து மைல், அடுத்த சுமைக்காக வெறுங்கையோடு திரும்பும் நான்கு நடைக்கு எட்டு மைல், ஆக 18 மைல். நான்கு மைல் தொலைவென்றால் 36 மைல். பத்தாயிரம் அடி உயரத்தில், பாதையே இல்லாத சரிவில், முதற்கணக்கை இரண்டு நாளில் முடித்துவிட என்னால் முடியும். இரண்டாவது கணக்கை என் உடம்பை வைத்துக்கொண்டு முடிக்க முடியாது.

தூரத்தை மட்டும் பார்த்தாலும் போதாது, வெயிலையும் பார்க்க வேண்டும். செப்டம்பரில் அந்த உயரத்தில் இரவு உறைநிலையைத் தொடலாம் என்றாலும், பகலில் எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். எல்க்கின் தோலும் மயிரும் குளிர்காலத்துக்காக அமைந்தவை. உயிர் போன பிறகும் உடற்சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கும். தோலை உடனே உரிக்காவிட்டால், சதை மிகத் தடித்திருக்கும் பின்தொடையில், இடுப்பெலும்பை ஒட்டித்தான் முதலில் கெடத் தொடங்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, எலும்போரம் மூக்கை வைத்தால்தான் புளித்த வாடை அடிக்கும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது கொலராடோவில் சட்டப்படியே குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், கொன்ற விலங்கைச் சமையலறை வரைக்கும் கொண்டுசேர்க்க முடியாதவன் வில்லை எடுக்கக் கூடாது என்பதே என் எண்ணம். இந்தக் கணக்குகளின் முடிவாக எனக்கென்று ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன்: வண்டி செல்லும் சாலையிலிருந்து இரண்டு மைலுக்கு அப்பால் அம்பு எய்வதில்லை. இரண்டு மைல் ஆரமுள்ள வட்டத்துக்குள் ஏறத்தாழ 8,000 ஏக்கர் அடங்கும். ஒருவனுக்கு அது குறுகிய காடன்று.

அடுத்து, எந்த மாநிலம் என்பது. வயோமிங் என் மனத்தில் முதலில் இருந்தது. ஆனால் அங்கே கூட்டாட்சி அரசு வனாந்தரப் பகுதியாக அறிவித்த நிலங்களில், வெளிமாநிலத்தவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்வாசி ஒருவரோ உடன் இல்லாமல் பெருவிலங்கு வேட்டையாடக் கூடாது. நடைப்பயணத்துக்கும் மீன்பிடிப்புக்கும் அந்தத் தடை இல்லை. வேட்டைக்கு மட்டும் இருக்கிறது. அதன் நியாயம் எனக்கு விளங்கவில்லை என்றாலும், தனியாகச் செல்பவனுக்கு மாநிலத்தின் மிக நல்ல காடுகளில் ஒரு பகுதி அடைபட்டுப்போகிறது என்பது உண்மை. அத்துடன் வடமேற்கு வயோமிங்கிலும் மொன்டானாவின் மேற்குப் பகுதியிலும் கிரிஸ்லி கரடிகள் வாழ்கின்றன. எல்க்கைப் போலக் கூவிக்கொண்டு, காற்றுக்கு எதிராக, ஓசையின்றி நடப்பதும், பிறகு இரத்தம் தோய்ந்த கைகளோடு மணிக்கணக்கில் ஓரிடத்தில் குனிந்திருப்பதும், கிரிஸ்லி நாட்டில் தனியாளுக்கு ஏற்ற வேலையன்று. நியூ மெக்சிகோ எங்களுக்கு அண்டை மாநிலம். விண்ணப்பித்தும் வேட்டைச் சீட்டு கிடைக்காதவருக்கு ஆண்டுதோறும் சேரும் முன்னுரிமைப் புள்ளி என்ற ஏற்பாடே அங்கு இல்லாததால், சீட்டுக்காக எல்லாரும் ஒரே குலுக்கலில் நிற்கிறார்கள். ஆனால் வழிகாட்டி இல்லாமல் விண்ணப்பிக்கும் வெளிமாநிலத்தவருக்கு ஒதுக்கீடு வெறும் ஆறு சதவீதம். அங்கே விண்ணப்பிக்கலாம், அதை நம்பி விடுப்புக் கேட்க முடியாது.

கொலராடோவில் கருங்கரடிகள் மட்டுமே உண்டு. உலகில் எந்த மாநிலத்திலும் நாட்டுப்பகுதியிலும் இல்லாத அளவுக்கு எல்க் அங்கே இருக்கிறது. தேசிய வனங்களுக்குள் வண்டிப்பாதைகள் ஆழமாகச் செல்வதால் என் இரண்டு மைல் வட்டத்துக்கு அம்மாநிலம் பொருந்துகிறது. 2024 வரை, வெளிமாநிலத்தவர்கூட ஆகஸ்ட் மாதம் ஒரு கடைக்குள் நுழைந்து வில்வேட்டைச் சீட்டை வாங்கிக்கொண்டு மலையேறிவிடலாம். 2025 முதல் அது முடிந்தது. 25ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைக்கு மேற்கே, அதாவது எல்க் நாடு என்று சொல்லத்தக்க நிலம் முழுவதிலும், வெளிமாநில வில்வேட்டைக்காரர்களுக்குக் குலுக்கல் கட்டாயமாகிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் கூட்டநெரிசல் பற்றிப் பல ஆண்டுகளாகக் குமுறிவந்தார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

விண்ணப்பம் மார்ச்சில் திறந்து ஏப்ரல் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாலை, அமெரிக்க மலைநேர மண்டலப்படி எட்டு மணிக்கு மூடுகிறது. விண்ணப்பிக்கும் முன்பே, தகுதி உரிமம் என்ற பெயரில் சிறுவிலங்கு உரிமம் போன்ற ஒன்றை வாங்கியாக வேண்டும். சீட்டு விழாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. 1949 ஜனவரி முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். டெக்சாஸில் பெற்ற சான்று அங்கே செல்லும். எல்க் சீட்டுக்கு வெளிமாநிலத்தவர் கொடுப்பது ஏறத்தாழ 800 டாலர். உள்ளூர்வாசி கொடுப்பது நூறு டாலருக்கும் குறைவு. விண்ணப்பத்தில் நான்கு விருப்பங்கள் வரை எழுதலாம், சேர்த்து வைத்த புள்ளிகள் முதல் விருப்பத்துக்கு மட்டுமே செலவாகும். வடமேற்கு மூலையிலுள்ள 2, 10, 201 என எண்ணிட்ட வேட்டைப் பகுதிகளுக்காக இருபதாண்டு அளவில் புள்ளி சேர்த்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமையும் இல்லை, பேருருவக் கொம்பின் மீது மோகமும் இல்லை. புள்ளி இல்லாதவருக்கும் ஒன்றிரண்டு புள்ளி உள்ளவருக்கும் முந்தைய ஆண்டுகளில் சீட்டு கிடைத்த பகுதிகள் எவை என்பதை மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் குலுக்கல் அறிக்கையில் தேடி, ஆண், பெண் இரண்டில் எதையும் எய்ய இடம்தரும் சீட்டாகப் பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறேன். பெண் எல்க்கின் இறைச்சி மென்மையானது, எடையும் குறைவு. தனியாகச் சுமப்பவனுக்கு இரண்டுமே நல்லவை.

வரைபடத்தில் நான் செலவழித்திருக்கும் மாலைப்பொழுதுகளைப் பற்றி மனைவியிடம் கேட்டால் தெரியும். ஆன்எக்ஸ் செயலியில் தேசிய வனத்தின் எல்லையையும் தனியார் நிலத்தின் எல்லையையும் பார்ப்பது எளிது. ஆனால் வனத்துறையின் வாகனப்பாதை வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்க்காவிட்டால், செயலி காட்டும் பாதையில் பாதி, வண்டிக்கு அனுமதியில்லாத பழைய மரவெட்டுப் பாதையாக இருக்கும். 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம் எந்திர ஊர்தியை மட்டும் தடுக்கவில்லை. மிதிவண்டியையும், இறைச்சி இழுக்கும் இருசக்கரத் தள்ளுவண்டியையும் சேர்த்தே தடுக்கிறது. ஆகவே ஃப்ளாட் டாப்ஸ் போன்ற பெயர்பெற்ற வனாந்தரங்களின் உட்புறத்தை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும், விட்டுவிட்டேன். அவற்றின் வெளி விளிம்பில், சக்கரத்துக்கு இடமுள்ள தேசிய வனத்தில், சாலை மலையின் கீழ்ப்புறமாகச் செல்லும் இடங்களையே குறித்துவருகிறேன். எல்க் விழும் இடம் சாலையைவிட உயரத்தில் இருந்தால் சுமையோடு இறங்கினால் போதும். பள்ளத்தில் இருந்தால் ஒவ்வொரு சுமைக்கும் மலையேற வேண்டும். பள்ளத்தாக்குக்குள்ளிருந்து எவ்வளவு இனிமையான அழைப்பு கேட்டாலும் போகக் கூடாத இடங்களைச் சிவப்பில் அடைத்து வைத்திருக்கிறேன். வேட்டைக்காரனின் கால் அழைப்பைக் கேட்டால் அறிவைக் கேட்காது.

அந்த வட்டத்துக்குள் தேடுவது, வடக்கு நோக்கிய சரிவுகளில் அடர்ந்த ஊசியிலை மரங்களின் நிழல், அதற்குள் படிபோல் அமைந்த சிறு சமதளங்கள், நீரூற்று, ஆண் எல்க் புரண்டு கறுப்பாக்கும் சேற்றுக்குழி. பகலில் எல்க் படுத்திருக்கும் இடமும் இரவில் மேயும் புல்வெளியும் எங்கே என்று ஊகித்து, இடையே செல்லும் தடங்களைத்தான் பார்க்க வேண்டும். ஒரே இடத்தை நம்பிப் போவதில்லை. ஒன்றுக்கொன்று வண்டியில் ஒரு மணிநேரத் தொலைவில் மூன்று வட்டங்கள் வைத்திருக்கிறேன். முதல் வட்டத்தின் நுழைவில் ஏற்கெனவே ஐந்தாறு வண்டிகள் நின்றால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

பருவம் செப்டம்பர் 2 முதல் 30 வரை. முதல் வாரம் வெயில் அதிகம், ஆண் எல்க் பேசுவதும் குறைவு. இனச்சேர்க்கையின் வேகம் ஏறத்தாழ இரவும் பகலும் சமமாகும் நாளையொட்டி உச்சத்துக்கு வருவதால், எல்லாருக்கும் மூன்றாம் வாரத்தின் மேல்தான் கண். ஆனால் மாதத்தின் நடுவில் ஒன்பது நாள், குழல்வாய் வழியாக வெடிமருந்து இட்டுச் சுடும் பழையவகைத் துப்பாக்கிக்காரர்களுக்கும் அதே காடு திறந்திருக்கும். அவர்கள் பருவம் முடிந்தபின் வரும் நாட்களைத் தேர்ந்திருக்கிறேன். காட்டில் துப்பாக்கி ஒலி அடங்கியிருக்கும், இரவு குளிர்ந்திருக்கும், இறைச்சிக்கும் அதுவே நல்லது. மழையோ பனியோ வந்தால் வரட்டும்.

இந்த வேட்டையில் தனிமையின் உண்மையான விலை இரண்டு இடங்களில் தெரியும்: ஒன்று சுமப்பதில், மற்றொன்று அழைப்பதில். ஆண் எல்க்கின் அழைப்பு மெல்லிய சீழ்க்கையாகத் தொடங்கி உச்சிக்கு ஏறி, தொண்டைக்குள் உறுமலாக உடைந்து முடியும். அதற்கு மறுமொழியாகப் பெண் எல்க்கின் குரலை வாய்க்குள் வைக்கும் ரப்பர் சவ்வால் எழுப்பினால் அது நெருங்கி வரும். ஆனால் குரல் வந்த இடத்தில் பெண்மான் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்து, அறுபது எழுபது கெஜத் தொலைவிலேயே நின்றுவிடும். இருவர் சென்றால், வில்லாளி முன்னால் மறைந்திருக்க, அழைப்பவர் பின்னால் தள்ளி நின்று குரல் கொடுப்பார். எல்க் நின்று பார்க்கும் இடம் வில்லாளியின் எல்லைக்குள் வந்துவிடும். தனியாளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஒரு மேட்டுக்கோ மரக்கூட்டத்துக்கோ பின்னிருந்து, எல்க் என்னைத் தேடிப் பார்க்க வேண்டுமானால் முப்பது கெஜத்துக்குள் வந்தாக வேண்டிய இடமாகப் பார்த்து அழைப்பேன். அழைத்ததும் அங்கேயே நிற்காமல், காற்றின் போக்குக்கு ஏற்ப முப்பது நாற்பது கெஜம் முன்னால் நகர்ந்து, குரல் வந்த இடம் வேறு, நான் இருக்கும் இடம் வேறு என்று ஆக்கிக்கொள்வேன். மற்ற நேரங்களில் வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குழியோரம் காத்திருப்பதே எனக்கு ஏற்ற வேலை என்று தோன்றுகிறது. உலகமே கூவிக்கொண்டிருக்கும் காட்டில் ஓசையில்லாதவனுக்கும் ஓர் இடம் உண்டு.

கண்ணையும் காதையும் ஏமாற்றலாம், எல்க்கின் மூக்கை ஏமாற்ற முடியாது. அதிகாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும். வெயில் ஏறி மண் சூடானதும் மேல்நோக்கித் திரும்பும். மாலையில் நிழல் விழுந்ததும் மீண்டும் இறங்கும். இந்தத் திரும்பும் வேளைதான் ஆபத்தானது: பதினைந்து நிமிடம் காற்று எந்தப் பக்கமும் சொல்லாமல் சுழலும். பொடி நிரப்பிய சிறு குப்பியை அமுக்கினால் கைக்கெதிரே உள்ள காற்று மட்டும்தான் தெரியும். எருக்கம்பஞ்சு போன்ற மில்க்வீட் பஞ்சை ஒரு நூலளவு பிய்த்து விட்டால், அது நாற்பது ஐம்பது கெஜம் மிதந்து போய், நேராகப் போய்க்கொண்டிருந்த காற்று ஒரு பாறையருகே மடங்கி மேலேறுவதையும் காட்டிக்கொடுக்கும். காற்று குழம்பும் வேளையில் படுக்கைச் சரிவுக்குள் நுழையாமல் உட்கார்ந்துவிடுவது என்பது திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

வில்லைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மானுக்குப் பயன்படுத்தும் அதே காம்பவுண்ட் வில் (உருளைகள் பொருத்திய வில்), சற்றுக் கனமான அம்பு, விரியும் இறக்கைகள் இல்லாத நிலையான வெட்டுமுனை. பயிற்சியில் அறுபது கெஜத்தில் அம்புகள் ஓரிடத்தில் கூடினாலும், மலையில் என் எல்லை நாற்பது. விலா முழுப்பக்கமாகவோ, சற்றே அப்பால் திரும்பியோ நின்றால்தான் எய்வேன். எய்தபின் குறைந்தது அரைமணிநேரம் அசையக் கூடாது; அம்பில் பச்சை நிறக் குடல்நீர் தெரிந்தால் பல மணிநேரம் விட்டுவைக்க வேண்டும். சூரியன் மறைந்து அரைமணி வரை எய்யச் சட்டம் இடம்தருகிறது. தேடவும் தோலுரிக்கவும் தனியாளாக இருக்கும் நான், சூரியன் மறைவதற்கு முன்பே அம்பை அம்பறாத்தூணியில் வைத்துவிடுவேன்.

எல்க் விழுந்த பிறகு வயிற்றைத் திறக்காமலே பிரிக்கும் முறையைத்தான் கையாளப் போகிறேன். முதலில் சீட்டில் கையெழுத்திட்டுக் கிழித்து வைத்துக்கொள்வது. பிறகு விலங்கைப் பக்கவாட்டில் கிடத்தி, மேலிருக்கும் பின்னங்காலைக் கயிற்றால் மரத்தில் இழுத்துக் கட்டுவது. உடன் ஒருவர் இருந்தால் அவர் பிடித்துக்கொள்ளும் காலை எனக்காகக் கயிறுதான் பிடிக்க வேண்டும். முதுகெலும்பு நெடுகத் தோலைக் கீறி உரித்து, முன்சப்பையை எடுத்தால் அதில் எலும்புமூட்டே இல்லை, சதையை அறுத்தாலே கையோடு வந்துவிடும். பின்தொடையில்தான் கத்தியின் முனையால் இடுப்புக்குழியைத் தேடிப் பந்துமூட்டின் தசைநாரை வெட்ட வேண்டும். அது அறுபடும்போது ‘டொப்’ என்று ஒலி வரும், காலின் முழுப்பாரமும் கயிற்றுக்கு மாறும். முதுகுச்சதை, கழுத்துக்கறி, கடைசியாக விலாவுக்குப் பின்னால் கைவிட்டு எடுக்கும் உள்முதுகுச்சதை. பின்பு மறுபக்கம் புரட்டி அதே வேலை. விலங்கின் பாலினத்தைக் காட்டும் உறுப்பு ஏதேனும் ஒரு துண்டில் இயல்பாக ஒட்டியிருக்கும்படி விட்டுவைக்க வேண்டும் என்பது கொலராடோ விதி. எலும்பு நீக்கும் அவசரத்தில் அதை வெட்டிவிடக் கூடாது. துண்டுகளைக் காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு, குடற்குவியலிலிருந்து நூறு கெஜமாவது தள்ளி, நிழலில், தூரத்திலிருந்தே பார்க்கத்தக்க கிளையில் கட்டித் தொங்கவிட்டால், அடுத்த நடைக்கு வரும்போது கரடி வந்திருக்கிறதா என்பது அருகே போகும் முன்பே தெரியும். என் கணக்கை மீறி ஏதேனும் நடந்தால் இறைச்சியைக் குதிரையில் ஏற்றிவர அழைக்க, வனத்துறை அனுமதி பெற்ற குதிரைக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, கட்டணமும் எந்தெந்த நாளில் வர முடியும் என்பதும் கேட்டு வைக்க வேண்டும். விழுந்த பிறகு தேடினால் குதிரை கிடைக்காது.

உடம்பைப் பொறுத்தவரை டல்லாஸ் ஒரு தட்டையான ஊர். கடல்மட்டத்துக்கு மேல் நானூறு சொச்சம் அடி. ஐம்பது பவுண்டு மணல்மூட்டையைப் பையில் கட்டி, அலுவலக வாகன நிறுத்தக் கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்குகிறேன். காவலாளி இப்போதெல்லாம் கேள்வி கேட்பதில்லை. உயரத்துக்கு மட்டும் இங்கே பயிற்சி எடுக்க வழியில்லை. ஆகையால் முதல் இரவை எட்டாயிரம் அடி அளவில் கழித்து, அடுத்த நாள் மெதுவாக நடந்து, அதன்பிறகே மேலே போவது என்று இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். தலைவலியும் குமட்டலும் கூடினால் மருந்து தேடுவதைவிடக் கீழே இறங்குவதே சரி.

வீட்டில் எழுந்த எதிர்ப்பு வேட்டைக்கு அல்ல, தனிமைக்கு. ‘அங்கே காலை ஒடித்துக்கொண்டால் யார் வந்து தூக்குவார்கள்?’ என்று மனைவி கேட்டதற்கு, நம்பிக்கை தரும் பேச்சு பதிலாகாது, ஏற்பாடுதான் பதில். செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் செய்தி அனுப்பும் இன்ரீச் கருவி எப்போதும் பையில் அல்ல, உடம்பில் இருக்கும். காலையில் எந்த வட்டம், எந்த நுழைவு என்று ஒரு செய்தி. இரவு கூடாரம் திரும்பியதும் ஒரு செய்தி. இரவு பத்து மணிக்குள் வராவிட்டால் அவர் கேட்டு அனுப்ப வேண்டும்; மறுநாள் காலை எட்டு மணிவரை பதில் இல்லையென்றால், வரைபடத்தோடு நான் எழுதிக் கொடுத்திருக்கும் மாவட்ட ஷெரிஃப் எண்ணுக்கு அழைக்க வேண்டும். கொலராடோவில் மலைமீட்பை ஒருங்கிணைப்பது அந்த அலுவலகம்தான். தனியாகக் கத்தியோடு வேலை செய்வதால் இரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை ஒன்று கால்சட்டைப் பையில் இருக்கும். ஒற்றைக் கையால் அதை இறுக்கும் பயிற்சியையும் கூடத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன்.

திரும்பும் வழிக்கும் விதி உண்டு. மானினங்களின் மூளையைச் சிதைக்கும் சி.டபிள்யூ.டி. நோய், 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வுக்கூடத்தில் அடைத்து வளர்த்த மான்களிடம்தான் முதன்முதலில் கண்டறியப்பட்டது. அதற்குக் காரணமான பிரியான் என்ற திரிந்த புரதம் சமைத்தாலும் அழிவதில்லை. நோய் உறுதியான விலங்கின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே மருத்துவத்துறையின் அறிவுரை. டெக்சாஸுக்குள் மூளையும் முதுகுத்தண்டும் வரக் கூடாது. எலும்பு நீக்கிய இறைச்சியும், சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டுடன் கொம்பும் வரலாம். ஆகவே தலையைக் கொலராடோவிலேயே சோதனைக்குக் கொடுத்துவிட்டு, இறைச்சியை இரண்டு பெரிய ஐஸ் பெட்டிகளில், உருகும் நீர் படாதபடி அடியில் உறைந்த நீர்க்குடுவைகளை அடுக்கி ஏற்றிக்கொண்டு, ராட்டன் கணவாய், அமரில்லோ வழியாக இரவில் ஓட்டி வருவது என்று வைத்திருக்கிறேன். சோதனை முடிவு வரும்வரை பொட்டலங்கள் தனி உறைபெட்டியில் இருக்கும். அந்த உறைபெட்டியைக் கார் கொட்டகையில் எங்கே வைப்பது என்பதில் மட்டும் வீட்டில் இன்னும் உடன்பாடு எட்டவில்லை.